‘அமெரிக்க டீமில் எடுத்துவிட்டார்கள்’ என்றால் என்ன அர்த்தம்?

போன கிருத்திகையன்று ஜோஹன்னஸ்பர்க் மெல்ரோஸ் முருகன் கோயிலில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த அக்கா, "உங்க தெருப் பையனை அமெரிக்க பேஸ்பால் டீம்ல எடுத்துட்டாங்களாமே! கோடிக்கணக்குல சம்பளமாமே!" என்றார். ரசம் வருவதற்குள் செய்தி கூடத்தின் மறுமுனைக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே அந்தப் பையனின் அம்மாவிடம் ஒருவர் கைமாற்று கேட்டு வந்தாராம்.

உண்மையில் நடந்தது இதுதான். மெட்ரிக், அதாவது இங்கே பள்ளியின் கடைசி வகுப்பு, முடித்த அந்தப் பையனுக்கு அமெரிக்காவில் ஒரு இரண்டாண்டுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்தில் ஒரு பகுதியைக் கல்லூரி ஏற்றுக்கொள்கிறது. அவன் கல்லூரி அணிக்குப் பந்து போட வேண்டும். பதினெட்டு வயதுப் பையனுக்கு இது பெரிய விஷயம். ஆனால் இதையே அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் என்று நாம் ஊரெல்லாம் சொல்லிவைத்தால், அவன் லீவுக்கு வரும்போதெல்லாம் "இன்னும் டிவியில காணோமே தம்பி?" என்று கேட்போம். அந்தக் கேள்வி அவனை என்ன செய்யும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகனும் ரேண்ட்பர்க் பக்கம் ஒரு கிளப்பில் விளையாடுகிறான். ஆறு வருடமாக எனக்குச் சனிக்கிழமைக் காலை என்றால் மைதானத்து ஓரம், மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க் காபி. அங்கே கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை முதலிலிருந்து சொல்கிறேன்.

கிரிக்கெட்டிலிருந்து ஆரம்பிப்போம்

பேஸ்பாலில் பந்து போடுபவருக்குப் பிட்சர் என்று பெயர். நம் பௌலர் மாதிரிதானே என்று தோன்றும். மூன்று பெரிய வித்தியாசங்கள் உண்டு. பிட்சர் ஓடி வருவதில்லை. சுமார் 25 சென்டிமீட்டர் உயர மண் மேட்டில் நின்ற இடத்திலிருந்தே எறிகிறார். பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை. நேராக பேட்டரிடம் போகிறது. அப்புறம், முழங்கையை மடக்கி எறியலாம். கிரிக்கெட்டில் 15 டிகிரிக்கு மேல் கை நிமிர்ந்தால் அது பந்துவீச்சே இல்லை என்று நிறுத்திவிடுவார்கள். இங்கே எறிவதுதான் வேலையே.

மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் இடம் 18.44 மீட்டர். மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 30 கிளப்புகள் ஆடும் உச்சநிலை லீகில், வேகப்பந்தின் சராசரியே மணிக்கு 150 கிலோமீட்டர். நமக்குத் தெரிந்த பல வேகப்பந்து வீச்சாளர்கள் தங்கள் உச்சத்தில் தொடும் வேகம் அது. பேட்டருக்குக் கிடைக்கும் நேரம் அரை வினாடிகூட இல்லை.

அப்படியென்றால் வேகம் இருந்தால் போதுமா? போதாது. பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் முதல் இடம் இது.

பள்ளி வயதில் ஒரு பையன் 140 கிலோமீட்டரில் போட்டால் எதிரே நிற்பவன் பயந்தே போவான். மேலே போகப் போக, எதிரே நிற்பவர்கள் எல்லாரும் அந்த வேகத்தைப் பள்ளியிலேயே அடித்துப் பழகியவர்களாக இருப்பார்கள். தவிர, ஒன்பது பேர் வரிசையாக பேட் பிடிப்பார்கள். ஒன்பதாவது ஆள் முடிந்ததும் மறுபடி முதல் ஆள் வருவார். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் அதே ஆளை இரண்டு மூன்று முறை சந்திக்க வேண்டும். முதல் தடவை ஏமாந்தவன் மூன்றாவது தடவை ஏமாறமாட்டான். அதனால் வேகப்பந்தோடு இன்னும் இரண்டு விதமாவது கைவசம் வேண்டும். கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் ஒன்று. கை வேகமாகவே வந்து, பந்து மட்டும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மெதுவாக வரும் சேஞ்சப் இன்னொன்று.

சேஞ்சப் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். என் மகன் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஆரஞ்சை எடுத்து, மூன்று விரலை மேலே வைத்து உள்ளங்கைக்குள் அழுத்திப் பிடித்துப் பார்ப்பான். பிடி ஆழமாக இருந்தால் பந்து மெதுவாகப் போகும். ஆனால் மைதானத்தில் அப்படிப் பிடித்தவுடன் கையும் தானாக மெதுவாகிவிடுகிறது. பேட்டர் அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். கை பொய் சொல்ல வேண்டும், முகம் பொய் சொல்ல வேண்டும், பந்து மட்டும் உண்மையாக மெதுவாக வரவேண்டும். இரண்டு வருடமாக முயற்சி செய்கிறான். இன்னும் வரவில்லை.

இதில் ஜோஹன்னஸ்பர்க் பையன்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. நாம் கடல் மட்டத்துக்கு மேல் 1700 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்று மெலிது. பந்து காற்றைப் பிடித்துத்தான் வளைகிறது என்பதால் இங்கே அது குறைவாகவே வளையும். டர்பனில் போய் ஆடும்போது அதே பந்து திடீரென்று நன்றாக வளையும். பையன்கள் திகைத்துப் போவார்கள்.

முழங்கைக்குள் ஒரு நார்

வலது முழங்கையை மடக்குங்கள். உள்பக்கம், விலாவை ஒட்டிய பக்கம், ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். இடது கையால் அதைத் தொட்டுப் பாருங்கள். அதற்குச் சற்றுக் கீழே, மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கும் ஒரு சின்ன நார் இருக்கிறது. எலும்போடு எலும்பைக் கட்டும் இத்தகைய நாருக்கு லிகமென்ட் என்று பெயர். ஒவ்வொரு முறை முழு வேகத்தில் எறியும்போதும் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். அதைப் பிளக்கவிடாமல் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு இந்த நாருக்கு.

தசையைப் பயிற்சியால் வளர்க்கலாம். நாரை அந்த அளவுக்கு வளர்க்க முடியாது. கிணற்றுக் கயிறு மாதிரி, இழை இழையாகத் தேயும். ஒரு நாள் அறுந்துவிடும். 1974ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு இது நடந்தபோது, ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் அவருடைய இன்னொரு கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து முழங்கையில் கட்டினார். 1976ல் அவர் திரும்பி வந்து, அதற்கப்புறம் பல வருடம் ஆடினார். இன்றும் அந்த அறுவை சிகிச்சைக்கு அவர் பெயர்தான். குணமாகி மறுபடி போட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

இதனால்தான் பந்துக் கணக்கு வந்தது. மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014ல் வயதுவாரியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டன. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 85 பந்துகள். 17, 18 வயதுக்கு 105. அதிகம் போட்டால் நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் சில மாதங்கள் எறியவே கூடாது.

எங்கள் மைதானத்தில் ஒரு காட்சியை மறக்கமாட்டேன். கோச்சின் உள்ளங்கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி. ஒவ்வொரு பந்துக்கும் கட்டைவிரலால் ஒரு ‘டிக்’. கடைசிச் சுற்று, ஒரு பையன் பிரமாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான், ஜெயிக்க இன்னும் ஒரே ஆள்தான் பாக்கி. கணக்கு 85 ஆனது. கோச் மேட்டுக்குப் போய்க் கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொண்டார். பையனின் அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அடுத்து வந்தவன் போட்டதை அடித்துவிட்டார்கள், தோற்றோம். அன்று எனக்கும் கோபம்தான். இன்று, அந்த மைதானத்தில் அன்று சரியாக நடந்துகொண்ட ஒரே பெரியவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள்: வேகம் வாசல்வரை கொண்டுபோகும். உள்ளே நிற்க வேறு பந்துகள் வேண்டும், அவற்றைக் கற்க வருடங்கள் வேண்டும். அந்த வருடங்கள் முழுக்க முழங்கை தாங்க வேண்டும்.

டிராஃப்ட்: ஏலமும் இல்லை, கவுன்சிலிங்கும் இல்லை

‘எடுத்துவிட்டார்கள்’ என்ற சொல்லுக்குள் பெரும்பாலும் மறைந்திருப்பது டிராஃப்ட். புதிய ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி அது. 1965 முதல் நடக்கிறது.

நமக்கு ஐபிஎல் ஏலம் தெரியும். அங்கே யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆள். டிராஃப்டில் போட்டி போட்டுக் கேட்பதே கிடையாது. முறை வரும்போது ஒரு கிளப் ஒரு பெயரைச் சொல்லும். அத்தோடு அந்தப் பையனோடு பேரம் பேசும் உரிமை அந்தக் கிளப்புக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு என்ஜினியரிங் கவுன்சிலிங்கைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் நினைத்துக்கொள்ளலாம். கவுன்சிலிங்கில் முதல் ரேங்க் மாணவன் முதலில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பான். இங்கே கல்லூரிதான் மாணவனைத் தேர்ந்தெடுக்கிறது, அதிலும் போன வருடம் அதிகம் தோற்ற கிளப்புகளுக்கே முன்னுரிமை. 2023 முதல், முதல் ஆறு இடங்களுக்கு மட்டும் குலுக்கல் உண்டு.

இப்போது மொத்தம் 20 சுற்றுகள். 30 கிளப்புகள் என்பதால் வருடத்துக்கு 600 பேருக்கு மேல். முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் கையில் வரும் பணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பணத்துக்குச் சைனிங் போனஸ் என்று பெயர். கையெழுத்துக்காக ஒரே தடவை தருவது. நாம் கோயிலில் கேள்விப்பட்ட கோடிகள் முதல் சில பெயர்களுக்கு வந்தவை.

யாரை எடுக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. பள்ளி முடித்தவர்களை எடுக்கலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயது ஆகும்வரை பொறுக்க வேண்டும். இரண்டாண்டுக் கல்லூரியில் இருப்பவர்களை எந்த ஆண்டும் எடுக்கலாம். எங்கள் தெருப் பையன் ஏன் இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போகிறான் என்று பலர் முகம் சுளித்தார்கள். காரணம் இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. தவிர, பள்ளியிலிருந்து எடுக்கப்பட்ட பையன் "வேண்டாம், நான் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம். பிறகு மறுபடி டிராஃப்டுக்கு வரலாம்.

கையெழுத்துக்குப் பிறகு

சரி, எடுத்துவிட்டார்கள், கையெழுத்தும் போட்டாயிற்று. மறுநாள் டிவியில் வருவானா? மாட்டான்.

இந்த நாட்டில் பி.காம். முடித்து சிஏ ஆகப் போகிறவர்கள் ஆர்ட்டிகிள்ஸ் போடுவது நம் எல்லாருக்கும் தெரியும். பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் மூன்று வருடப் பயிற்சி ஒப்பந்தம். வீட்டில் இனிப்பு கொடுப்பார்கள். ஆனால் அவன் அந்த நிறுவனத்தின் பங்குதாரர் ஆகிவிட்டான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பேஸ்பால் ஒப்பந்தமும் அப்படித்தான். அவன் போய்ச் சேருவது மைனர் லீகில்: ஒவ்வொரு மேஜர் லீக் கிளப்பும் தன் ஆட்களைப் பழக்குவதற்காக வைத்திருக்கும் கீழ்ப்படிகள் அவை.

அடிப்படியில் பயிற்சி வளாகங்களிலேயே ஆடும் கம்ப்ளெக்ஸ் லீக். பார்க்க ஆளே இருக்காது, வெயில்தான் இருக்கும். அதற்கு மேல் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நான்கு படிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வடிகட்டல். டபுள் ஏ என்ற படியைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் தனியாகச் சொல்வார்கள். வேகத்தை மட்டும் நம்பி ஏறி வந்தவர்கள் நின்றுபோகும் இடம் அது. சேஞ்சப் இல்லாதவன் அங்கே மாட்டிக்கொள்வான்.

சம்பளத்தையும் பார்த்துவிடுவோம். 2023ல் மைனர் லீக் ஆட்டக்காரர்களின் சங்கம் முதல் ஒப்பந்தம் போட்ட பிறகு, கம்ப்ளெக்ஸ் லீகில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 19,800 டாலர், டிரிபிள் ஏயில் 35,800 டாலர். அதற்கு முன் இதில் பாதிகூடக் கிடையாது. அதே 2023ல் மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். கடைசிப் படிக்கும் மாடிக்கும் நடுவில் இருபது மடங்கு. மாடியில் இடம் எவ்வளவு? ஒரு கிளப்புக்கு 26 பேர். கீழே, அமெரிக்காவில் மட்டும் ஒரு கிளப் 165 பேர் வரை வைத்திருக்கலாம். புதியவர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் வந்துகொண்டே இருப்பதால், பழையவர்களை எப்போது வேண்டுமானாலும் விடுவிப்பார்கள். அதற்கு ரிலீஸ் என்று பெயர். ஒரு காலை ஓர் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்வார்கள். அன்று சாயங்காலம் பெட்டி கட்ட வேண்டும்.

ஒரே வரியில்: டிராஃப்ட் என்பது வேலைக்குச் சேர்ந்த நாள், மேஜர் லீக் என்பது பல வருடம் கழித்துச் சிலருக்கு மட்டும் வரும் பதவி உயர்வு.

இங்கிருந்து போக இரண்டு வாசல்

டிராஃப்ட் என்பது அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கானது. ரேண்ட்பர்க்கில் படித்து ரேண்ட்பர்க்கிலேயே ஆடும் பையனுக்கு அதில் இடமில்லை. 16 வயதுக்கு மேல் அவன் நேராக எந்தக் கிளப்போடும் ஒப்பந்தம் போடலாம். முதல் வாசல் இது. ஆள் தேடி வரும் ஸ்கவுட் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்; அந்த ‘அவ்வளவுதான்’ மிகக் கஷ்டம். இந்த நாட்டில் பேஸ்பால் பள்ளிகளில் கிடையாது என்றே சொல்லலாம், கிளப்புகளில்தான் உயிர் வாழ்கிறது.

இரண்டாவது வாசல், அமெரிக்கப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ந்துவிடுவது. சேர்ந்தால் அவனும் டிராஃப்ட் விதிக்குள் வந்துவிடுகிறான்.

முதல் வாசல் வழியாகப் போனவர் கிஃப்ட் கோபே. அவர் பிட்சர் இல்லை, உள்களத்தில் பந்து பிடிப்பவர். ஆனால் அவர் கதையைச் சொல்லாமல் இந்த ஊரில் பேஸ்பால் பற்றி எழுத முடியாது. ரேண்ட்பர்க் மெட்ஸ் கிளப்பில் அவருடைய அம்மா வேலை பார்த்தார். கிளப் கட்டடத்திலேயே ஒரு அறையில் குடும்பம் வளர்ந்தது. 2008ல் இத்தாலியில் மேஜர் லீக் நடத்திய பயிற்சி முகாமில் கவனிக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளப்போடு கையெழுத்திட்டார். மேஜர் லீகில் கால் வைத்தது 2017 ஏப்ரல் 26. ஆப்பிரிக்காவில் பிறந்து மேஜர் லீகில் ஆடிய முதல் ஆள். முதல் முறை பேட் பிடித்தபோதே அடித்துவிட்டு ஓடினார். கையெழுத்துக்கும் அந்த ஓட்டத்துக்கும் நடுவில் எட்டு வருடத்துக்கு மேல்.

இரண்டாவது வாசல், டெய்லர் ஸ்காட். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர், அரிசோனாவில் பள்ளி முடித்தார். பிட்சர். 2011 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் சிகாகோ கப்ஸ் எடுத்தது. அந்தச் சமயத்தில் அவரை யாராவது கோயிலில் பார்த்திருந்தால் "கோடீஸ்வரன்" என்றுதான் சொல்லியிருப்போம். மேஜர் லீகில் அவர் முதல் பந்தைப் போட்டது 2019 ஜூனில், சியாட்டில் மாரினர்ஸ் அணிக்காக. அதற்குள் கிளப்புகள் மாறி, எந்தப் பெரிய கிளப்போடும் சேராத தனி லீகிலும் ஆடியிருந்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து மேஜர் லீகில் பந்து போட்ட முதல் பிட்சர் அவர். அப்புறமும் மேலே கீழே, நடுவில் ஜப்பானில் ஹிரோஷிமா. 2024ல் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் அணிக்காக அறுபது ஆட்டங்களுக்கு மேல் போட்டு, தன் சிறந்த வருடத்தைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 32.

ஒரே கிளப், வேறு வேறு முடிவு

கோபே கையெழுத்திட்ட அதே 2008ல், அதே பைரேட்ஸ் கிளப் இந்தியாவிலிருந்தும் இருவரை எடுத்தது: ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள், ஈட்டி எறிந்து பழகியவர்கள், தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாக எறிந்து தேர்வானவர்கள். கதை படமாகவும் வந்ததால், இருவரும் மேஜர் லீகில் ஆடியதாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். தினேஷை 2010ல் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு சிங்கிள் ஏ வரை ஏறினார். பிறகு முழங்கை போய், வருடக்கணக்கில் ஆட முடியாமல், கடைசியில் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். பேஸ்பாலையே பார்த்திராத ஒருவர் சிங்கிள் ஏ வரை வந்தது என்னைப் பொறுத்தவரை அபாரமான சாதனை. படிகள் தெரியாததால் நமக்கு அதன் அருமை தெரியவில்லை.

அதே பைரேட்ஸ் 2023 டிராஃப்டில் முதல் பெயராகச் சொன்னது பால் ஸ்கீன்ஸ். போனஸ் 92 லட்சம் டாலர். 2024 மே 11ஆம் தேதி மேஜர் லீகில் இறங்கிவிட்டார், பத்தே மாதம். நாம் கேள்விப்படும் கதைகள் எல்லாம் இந்த மாதிரியானவை. ஆனால் அவரும் பள்ளி முடித்த கையோடு வரவில்லை. மூன்று வருடம் கல்லூரி அணிகளில் ஆடிவிட்டுத்தான் டிராஃப்டுக்கு வந்தார்.

அன்று பந்தியில் அந்த அக்காவிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. "அக்கா, அவன் இப்பதான் காலேஜுக்குப் போறான். மேல அஞ்சு படி இருக்கு, அதுக்கு மேலதான் டிவி" என்றேன். "அஞ்சா!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "படிப்பு என்ன எடுத்திருக்கான்?" என்று கேட்டார். அவனைப் பற்றி அன்று கேட்கப்பட்டதில் அதுதான் நல்ல கேள்வி. கணக்குப் பதிவியல் எடுத்திருக்கிறான். ஆகஸ்டில் கிளம்புகிறான். அதுவரை கோச் அவனைப் பந்தைத் தொடவிடுவதில்லை. கை ஓய்வில் இருக்கிறது.